சேலம், சேர்வராயன் மலையில் கோடைத் தொடக்கப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாட்களைக் கோடைத் தொடக்கமாக எடுத்துக்கொள்வது?

மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. பங்குனியும் சித்திரையும் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த பறவைகள் இந்த இரண்டு மாதத்தில்தான் ஊர் திரும்புகின்றன. இங்கேயே வாழ்பவை ஜோடி சேர்ந்து கூடு கட்டுகின்றன. ஏரிகளில் தண்ணீர் இறங்க இறங்க நீர்ப்பறவைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. இவ்வளவும் ஒரே சமயத்தில் நடப்பதால், சென்ற வாரம் பார்த்த இடத்தையே இந்த வாரமும் போய்ப் பார்ப்பதில் நிறையப் பயன் உண்டு.

அரிதான பறவை எதையும் பார்க்கவில்லை. பகிர்ந்துகொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. குளிர்கால விருந்தாளிகள் வந்து சேர்ந்த தேதியைப் பலரும் எழுதிவைக்கிறார்கள். கிளம்பிப் போன தேதியை எழுதுபவர்கள் மிகக் குறைவு. முதல் நாள் வரவு சட்டென்று கண்ணில் படும். கடைசி நாள் அப்படியல்ல, அதுதான் கடைசி நாள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே ஏப்ரல் முழுவதும் அதே இடத்தில் வாரம் ஒருமுறையாவது பட்டியல் எடுத்தால்தான் அந்தத் தேதி கிடைக்கும். ஏப்ரல் 12-ஆம் தேதி பழுப்புக் கீச்சான் இருந்தது, 19-ஆம் தேதி அதே வேலியில் இல்லை, 26-லும் இல்லை என்ற மூன்று பட்டியல்கள் ஒரு நல்ல புகைப்படத்தைவிட அதிகம் சொல்லும். “இல்லை” என்பதும் ஒரு தகவல்தான். அதற்கு அன்றைக்குப் பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளும் பட்டியலில் இருக்க வேண்டும். காக்கையும் மைனாவும் விடுபட்ட பட்டியலில் கீச்சான் இல்லாததற்குப் பொருள் கிடையாது.

எந்தெந்தப் பறவைகளின் கடைசித் தேதியைக் கவனிக்க வேண்டும்?

பழுப்புக் கீச்சானில் தொடங்குங்கள். குளிர்காலம் முழுக்க ஒரே முள்வேலி, ஒரே கம்பி என்று எல்லை பிடித்து உட்கார்ந்திருக்கும் பறவை. இருக்கிறதா இல்லையா என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அடுத்து பிளைத் நாணல் கதிர்க்குருவி. சேலம் நகரத்துத் தோட்டங்களில்கூட அடர்ந்த செடிக்குள்ளிருந்து “ட்டெக்… ட்டெக்” என்று ஒற்றை ஒலி எழுப்பும். பார்வைக்கு அகப்படாது, காதால்தான் பிடிக்க வேண்டும். அந்த ஒலி நின்றுபோன வாரத்தைக் குறித்துவைப்பது எளிது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கொடிக்கால் வாலாட்டியைத் தேடுங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். காப்பிச் செடிக்கு அடியில் காய்ந்த சருகின் மேல் நடந்துகொண்டிருக்கும். ஓடையோரங்களில் சாம்பல் வாலாட்டி, நிழல்மரக் கிளைகளில் பழுப்பு ஈப்பிடிப்பான், மேல்கிளைகளில் பச்சைக் கதிர்க்குருவி, நீண்ட வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். சமவெளியில் சூறைக்குருவிக் கூட்டங்களையும் தகைவிலான்களையும் பாருங்கள். ஏரிகளில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் முதலில் குறையும், பொரி உள்ளான் கொஞ்சம் தாமதமாகவே போகும்.

தோட்டக்கள்ளனுக்குத் தனிக் கவனம் வேண்டும். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள். வடக்கு நோக்கித் திரும்பும் வழியில் ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் ஓரிரு நாள் எந்தத் தோட்டத்திலும் இறங்கலாம்.

ஒரு பதிவில் என்னென்ன இருந்தால் போதும்?

தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எந்த இடம், ஒவ்வொரு பறவையிலும் எத்தனை. இந்த ஆறும் இருந்தால் முழுப் பதிவு. பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்டு (eBird) செயலியில் பட்டியலைத் தொடங்கி வைத்துவிட்டு நடந்தால் நேரத்தையும் தூரத்தையும் அதுவே கணக்கிடும். முடித்தவுடன் நிறுத்திவிடுங்கள். நிறுத்த மறந்து பேருந்தில் ஏறிவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை இருபது கிலோமீட்டர் ஆகிவிடும். அப்படி நேர்ந்தால் தூரத்தைக் கையால் திருத்திவிட்டுச் சமர்ப்பியுங்கள்.

இடக்குறியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. வீட்டுக்கு வந்து பட்டியலை உள்ளிடும்போது குறி வீட்டு முகவரியில் போய் நின்றுவிடும். அல்லது வரைபடத்தில் முதலில் தெரியும் பொது இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அடிவாரத்தில் பார்த்த பறவை இப்படித்தான் ஏற்காடு ஏரிக்கு ஏறிவிடுகிறது. மாவட்ட எல்லையையும் ஒருமுறை சரிபாருங்கள். மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் தருமபுரி மாவட்டம். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையும் முழுவதும் சேலத்துக்குள் இல்லை.

மலைப்பாதை முழுவதையும் ஒரே பட்டியலாகப் போடலாமா?

வேண்டாம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். அடிவாரத்தில் முட்புதர், நடுவில் மூங்கிலும் இலையுதிர் மரங்களும், மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பி. மூன்றிலும் பறவைகள் வேறு. கீழே செம்மார்புக் குக்குறுவான் “டொங்க் டொங்க்” என்று தட்டிக்கொண்டிருக்கும். மேலே வெண்கன்னக் குக்குறுவானின் “குட்ரூ குட்ரூ”தான் நாள் முழுக்க. மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாக இருக்கும் இந்தப் பறவை கிழக்குத் தொடர்ச்சி மலையில் முக்கியமாகச் சேர்வராயன், சித்தேரி மலைகளில்தான் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்று எந்த உயரத்தில் மாறுகிறது என்பதை அறிய உயரவாரியான பட்டியல்கள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டினால் அந்தத் தகவல் கரைந்துபோகும்.

அடிவாரம், நடுவளைவுகள், மேல்தளம் என்று குறைந்தது மூன்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல், ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. குறிப்பில் வளைவின் எண்ணையும் எழுதிவிடுங்கள். நின்ற இடத்திலேயே முப்பது மீட்டருக்குள் பார்த்தால் “நின்ற இடம்” என்ற வகையில் பதியலாம். வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள். இறங்கிவரும் பேருந்துக்கு அந்த இடம் முழுவதும் தேவை. மே மாதக் கோடை விழா நாட்களில் நெரிசல் அதிகம், ஏறும் வழியும் இறங்கும் வழியும் மாற்றப்படுவதும் உண்டு. அந்த வாரத்தில் மலைப்பாதைப் பட்டியலை விட்டுவிட்டுக் கொட்டச்சேடு, நாகலூர் பக்கம் போவது நல்லது.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

ஏப்ரல் நடுவில் சேலத்தில் சூரியன் ஆறு மணி தாண்டியதும் உதிக்கிறது, மே நடுவில் ஆறுக்குச் சற்று முன்பே. சமவெளியில் 5.45 முதல் 8.30 வரை பலன் இருக்கும். அதற்குமேல் பறவைகள் நிழலுக்குப் போய்விடும், குரலும் அடங்கும். ஏற்காட்டில் பத்து மணி வரை தாராளமாகப் பார்க்கலாம். மாலையில் ஐந்து முதல் இருட்டும் வரை. இரவில் இரைதேடும் பக்கியின் குரலைக் கேட்க வேண்டுமானால் சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து கரட்டோரத்தில் நில்லுங்கள். “டுக் டுக் டுக்-ர்ர்ர்” என்று குரல் கடைசியில் உருண்டு ஓடும்.

கூட்டமாகப் பறக்கும்போது எப்படி எண்ணுவது?

கூட்டத்தின் ஒரு பகுதியில் பத்துப் பறவையை எண்ணிக்கொண்டு, அந்த அளவு முழுக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று பாருங்கள். பெரிய சூறைக்குருவிக் கூட்டமாக இருந்தால் ஐம்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். 340 என்று தோராயமாக எழுதுவது, எண்ணே போடாமல் “இருந்தது” என்ற குறியை மட்டும் போடுவதைவிட மிகப் பயனுள்ளது. உழவாரன்கள் ஒரே இடத்தைச் சுற்றிச்சுற்றி வரும். அவற்றில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

மெர்லின் செயலி ஒலியை வைத்துச் சொல்லும் பெயரை அப்படியே பதியலாமா?

கூடாது. அது தேடச் சொல்லும் குறிப்பு, அவ்வளவே. செயலி பெயர் சொன்னதும் அந்தத் திசையில் பறவையைத் தேடுங்கள். பார்த்தாலோ, குரல் உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தாலோ மட்டும் எழுதுங்கள். ஏற்காட்டில் இதற்கு முக்கியக் காரணம் துடுப்புவால் கரிச்சான். வல்லூறு, குக்குறுவான், வேறு பல பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துவிடும். ஒரே மரத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் ஆறு பறவையின் பெயர் வந்தால் அந்த மரத்தில் ஒரு கரிச்சான் இருக்கிறதா என்று பாருங்கள். மைனாக்களும் இதைச் செய்யும். பதிவு செய்த ஒலிக்கோப்பை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். பிறகு பட்டியலோடு இணைத்தால் தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்வார்கள்.

கொக்குகளெல்லாம் குழப்புகின்றன. கோடையில் நிறம் மாறுகிறதா?

ஆம், இந்தப் பருவத்தில் வரும் தவறான பதிவுகளில் பெரும்பங்கு இதுதான். “கறுப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு” என்று குளிர்காலத்தில் கற்றுக்கொண்ட பாடம் கோடையில் கைவிட்டுவிடும். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய வெண்கொக்கு, நடுத்தர வெண்கொக்கு இரண்டின் மஞ்சள் அலகும் கறுப்பாகிவிடும். அதனால் அலகின் நிறத்தை விட்டுவிட்டு வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய வெண்கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்வரை பொறுத்திருந்தால் தெரிந்துவிடும்.

உண்ணிக்கொக்குக்குத் தலை, கழுத்து, முதுகில் செம்மஞ்சள் ஏறியிருக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகப் “புதுப் பறவை” என்று படம் அனுப்பப்படுவது மடையான் என்னும் குளத்துக்கொக்குதான். ஆண்டு முழுக்க மண்நிறத்தில் வரப்பில் ஒடுங்கி நிற்கும் அதே மடையானுக்குக் கோடையில் முதுகு அடர்ந்த செம்பழுப்பாக மாறும், தலையும் கழுத்தும் வெளிர் மஞ்சளாகும், பின்தலையிலிருந்து இரண்டு மூன்று நீண்ட வெள்ளை இறகு தொங்கும். பறக்கும்போது இறக்கை முழுவெள்ளையாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், மடையான்தான்.

வல்லூறா, அக்காக்குயிலா?

உட்காரும் விதத்தைப் பாருங்கள். வல்லூறு நிமிர்ந்து, வளைந்த அலகோடு, தலையைச் சட்டுச்சட்டென்று திருப்பும். அக்காக்குயில் உடலைச் சற்றுச் சாய்த்து, வால் பட்டைகள் தெரிய உட்காரும். அலகு நேராக இருக்கும், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். பறக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், சிறு பறவைகளும் இரண்டுக்கும் கூச்சல் போடும். குரல் கேட்டால் வேலை முடிந்தது. அக்காக்குயிலின் கூவல் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட உச்சத்துக்கு ஏறி, திடீரென்று நின்றுவிடும். கோடையில் இரவிலும் கூவும்.

மஞ்சள்தொண்டைச் சின்னானை எங்கே தேடுவது?

சேலத்துப் பறவை ஆர்வலர்கள் பெருமையோடு பார்த்துக்கொள்ள வேண்டிய பறவை இது. உலகிலேயே தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாறைக் கரடுகளில் மட்டும் வாழ்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. கொண்டைக்குருவி என்று நாம் பொதுவாகச் சொல்லும் சின்னான் குடும்பம்தான். ஆனால் நகரத்துச் செங்குதச் சின்னானைப் போல மனிதரோடு பழகியது அல்ல.

ஏற்காட்டு ஏரிக்கரையில் தேடிப் பயனில்லை. காப்பித் தோட்டமும் அதற்கு வேண்டாம். பெரிய பாறைகள், இடையிடையே முட்புதர், அத்தி, இச்சி போன்ற பாறையில் வேர்விட்ட பழமரம் என்று மூன்றும் சேர்ந்த மலைச்சரிவுதான் அதன் இடம். சூரியன் பாறையில் ஏறுவதற்கு முன், ஆறு முதல் ஏழரைக்குள் பாருங்கள். தலையும் தொண்டையும் தெளிவான மஞ்சள், உடல் சாம்பல், வாலடி மஞ்சள், வால்நுனியிலும் மஞ்சள் தெரியும். பழுத்த மரத்துக்கு வந்து இரண்டு பழம் எடுத்துக்கொண்டு பாறைச் சந்துக்குள் போய்விடும். ஆகவே மரத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, அசையாமல் உட்கார்ந்திருப்பதே வழி. தேடி நடந்தால் கிடைக்காது.

தவறு நடப்பது வெண்புருவச் சின்னானோடுதான். அதே புதரில் இருக்கும், வாலடியும் மஞ்சள், குரலும் ஒரே சாயல். குரலை மட்டும் வைத்து மஞ்சள்தொண்டையைப் பதியாதீர்கள். மஞ்சள் தலையைப் பார்த்த பிறகே எழுதுங்கள். பார்த்தால் பாறையின் நிலையையும் குறிப்பில் சேருங்கள்: பக்கத்தில் கல் உடைக்கிறார்களா, தீப்பட்ட அடையாளம் உண்டா, பழமரம் எது. கல்குவாரியால் கரடு போனால் இந்தப் பறவைக்கு மாற்று இடமில்லை. அதனால்தான் ஒவ்வொரு கரட்டின் பதிவும் தனித்தனியாக வேண்டும்.

ஏரிகள் வற்றிய பிறகும் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

வற்றும் நேரம்தான் சிறந்த நேரம். நீர் பின்வாங்கும்போது சேறு வெளிப்பட்டு உள்ளான்கள் கரைக்கு அருகே வரும். மீன் ஒரு குட்டைக்குள் ஒடுங்கும்போது கூழைக்கடா, வர்ண நாரை, நீர்க்காகங்கள் கூடும். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் ஏரிக்குள் அமைத்த மண்திட்டுகளின் மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடையும். மாலை ஐந்தரைக்குக் கரையில் நின்று வந்தடையும் பறவைகளை எண்ணுவது நல்ல பழக்கம். நீர்மேல் இலைகள் மிதக்கும் ஏரிகளில் நீளவால் இலைக்கோழிக்கு இந்தப் பருவத்தில்தான் அந்த நீண்ட கறுப்பு வால் வளர்கிறது. ஏப்ரலில் எந்த வாரம் முழுவால் வந்தது என்று குறியுங்கள்.

பனமரத்துப்பட்டி ஏரி வற்றிய ஆண்டுகளில் அதை ஏரியாக நினைக்காமல் புதர்க்காடாக நினைத்துப் போங்கள். பனங்காடை, கௌதாரி, வானம்பாடி வகைகள் கிடைக்கும். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது வெளிப்படும் மணல்திட்டுகளிலும் பாறைத்திட்டுகளிலும் ஆற்று ஆலா முட்டையிடும் பருவம் இது. பரிசலில் திட்டுக்கு அருகே போகாதீர்கள், கரையிலிருந்தே பாருங்கள்.

சுடலைக்குயில் வந்துவிட்டதால் மழை நெருங்கிவிட்டது என்று எழுதலாமா?

வட இந்தியாவில் அது பொருந்தும். ஆப்பிரிக்காவிலிருந்து தென்மேற்குப் பருவமழையோடு அங்கே வந்து சேர்கிறது. தென்னிந்தியாவிலோ ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் கூட்டமும் உண்டு. ஏப்ரலில் சேலத்தில் பார்த்தது அதுவாகவே இருக்கலாம். பார்த்த தேதியை மட்டும் எழுதுங்கள். தவிட்டுக்குருவிகள் அதற்குத் தீனி ஊட்டுவதைப் பார்த்தால் அது அருமையான பதிவு, ஏனென்றால் அவற்றின் கூட்டில்தான் சுடலைக்குயில் முட்டையிடும்.

கூட்டைப் பார்த்தேன். இடத்தைப் பகிரலாமா?

காக்கை, மைனா, புறா என்றால் பகிரலாம். ஆந்தை, கழுகு, வல்லூறு வகைகள், தோட்டத்தில் தாழ்வாகக் கட்டிய கூடு, தரையில் இட்ட முட்டை ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுக் கேமராக்கள் அங்கே நிற்கும். கோடையில் இதன் கேடு உடனடியானது. தாய்ப்பறவை வெயில்நேரத்தில் பத்து நிமிடம் எழுந்து போனால் முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் சூட்டிலேயே இறந்துபோகலாம். சூடு தப்பினாலும் ஆட்கள் சுற்றுவதைப் பார்த்துக் காக்கை கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

பதிவை இழக்கத் தேவையில்லை. இபேர்டில் இனப்பெருக்கக் குறி என்று ஒன்று உண்டு. கூட்டுப்பொருள் சுமந்தது, தீனி சுமந்தது, கூட்டில் குஞ்சு என்று தேர்ந்தெடுக்கலாம். குஞ்சுகள் பறந்த பிறகு பட்டியலைச் சமர்ப்பியுங்கள், அல்லது பொதுப்பார்வைக்கு மறைத்துவையுங்கள். கூட்டின் படத்தைச் சேர்க்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: பனையிலும் ஈச்சமரத்திலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள் பெரும்பாலும் போன பருவத்துப் பழைய கூடுகள். பச்சை நாரோடு ஆண் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மட்டும் குறி போடுங்கள்.

ஏரியோர மண்ணில் ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

நில்லுங்கள். காலடியைப் பாருங்கள். வந்த தடத்திலேயே திரும்பிப் போங்கள். சிவப்பு மூக்கு ஆள்காட்டியும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் வெறுந்தரையில் சிறு குழியில், பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண்நிறத்தில் கரும்புள்ளிகள், கூர்முனைகள் உள்நோக்கி இருக்கும். சுற்றிலும் சிறுகல்லோ ஆட்டுப்புழுக்கையோ அடுக்கியிருக்கும். அரை மீட்டர் தொலைவிலும் கண்ணுக்குத் தெரியாது. கத்தல் குறையும் தூரம் வரை விலகிய பிறகே எண்ணிக்கையை எழுதுங்கள்.

ஃபோனில் குரலைப் போட்டு வரவழைக்கலாமா?

இந்த இரண்டு மாதமும் கண்டிப்பாக வேண்டாம். எதிரி எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து ஆண்பறவை தேடி அலையும், அந்த நேரம் கூடு காவலின்றிக் கிடக்கும். தோட்டக்கள்ளன் போல வழியில் இறங்கி இரைதேடும் பறவைக்கு அது வீண் களைப்பு.

எஸ்டேட்டுக்குள் போகலாமா? காட்டெருமை பயம் உண்டா?

எஸ்டேட்டுகள் தனியார் நிலம். மேலாளரிடமோ காவலரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள், பெரும்பாலும் விடுவார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. கோடை காட்டுத்தீப் பருவம் என்பதால் கெடுபிடியும் அதிகம். பொதுச்சாலை ஓரத்திலேயே நல்ல பட்டியல் வரும்: பகோடா பாயிண்ட் சாலை, கிளியூர் அருவிக்குப் போகும் பாதையின் மேற்பகுதி, சேர்வராயன் கோயில் மேட்டுப்புல்வெளி.

காட்டெருமை உண்டு. விடியற்காலையும் மாலை மங்கலும் தோட்டங்களுக்குள் மேயும், தண்ணீர் தேடி வீடுகளின் பக்கமும் வரும். தனித்து நிற்கும் ஆண்மாடு ஆபத்தானது. காப்பிச் செடியின் உயரத்துக்கு அதன் முதுகு மறைந்துவிடும் என்பதால் பைனாகுலரில் கண் பதிக்கும் முன் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். மூச்சுச் சீறலோ கிளை ஒடியும் ஓசையோ கேட்டால் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள்.

வீட்டுக்குள் பல வண்ணத்தில் ஒரு பறவை வந்து விழுந்தது.

பெரும்பாலும் தோட்டக்கள்ளன். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த மார்பு, கண்ணின்மேல் கறுப்புப் பட்டை, வாலடி சிவப்பு, குட்டை வால். இரவில் பயணம் செய்யும்போது வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதியிருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். மெல்லிய துணியைப் போர்த்தி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியுமே மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நிழலான புதரோரம் பெட்டியைத் திறந்துவைத்தால் போய்விடும். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. தேதியையும் நேரத்தையும் மறக்காமல் பதியுங்கள். இடப்பெயர்ச்சிக்கு அது நேரடிச் சான்று.

தரையில் குஞ்சு கிடக்கிறது. எடுத்து வரலாமா?

இறகு முளைத்துத் தத்தித்தத்தி நடந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகுங்கள், தாய் வரும். இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

தண்ணீர்ச்சட்டி வைப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

ஆழம்தான் முதல் விஷயம். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குமேல் வேண்டாம். அகலமான மண்தட்டு, நடுவில் ஒரு கல். ஆழமான சட்டியில் சிட்டுகளும் குஞ்சுகளும் மூழ்கிவிடும். நிழலில் வையுங்கள், ஆனால் பூனை ஒளியும் புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் கொசுப்புழு வராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவுங்கள். பச்சைப்பாசி வழுக்கும் தட்டு நோயைப் பரப்பும்.

கோடைமழைக்கு மறுநாள் ஏதாவது சிறப்பாகக் கிடைக்குமா?

ஈசல் கிளம்பும் மாலையில் வெளியே வாருங்கள். கரிச்சான், மைனா, கரும்பருந்து, பனை உழவாரன், பஞ்சுருட்டான் எல்லாம் ஒரே இடத்தில் கூடும். ஏற்காட்டில் முதல் மழைக்குப் பிறகு ஓடையோரங்களில் சீகாரப் பூங்குருவியின் நீண்ட சீட்டி கேட்கிறதா என்று விடியலில் நின்று கேளுங்கள். சாம்பல் காட்டுக்கோழியின் கூவலும் அந்த நேரத்தில் தெளிவாக வரும்.

இபேர்டு என் பதிவை “அரிது” என்று காட்டுகிறது. நான் தவறா?

அவசியமில்லை. பறவை சாதாரணமானதாக இருந்தாலும் தேதி தாமதமாக இருந்தால் அப்படிக் காட்டும். மே 10-ஆம் தேதி பழுப்புக் கீச்சான் என்றால் கேட்கத்தான் செய்யும். “நிச்சயம் பார்த்தேன்” என்று எழுதுவதால் பயனில்லை. பார்த்ததை எழுதுங்கள். மாதிரிக்கு: “முதுகு சீரான பழுப்பு, வால் செம்பழுப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளைக்கோடு, வேலிக்கம்பியில் 15 மீட்டர் தொலைவில், நல்ல வெளிச்சத்தில் நான்கு நிமிடம், மார்ச் முதல் இதே வேலியில்.” மங்கலான படமாக இருந்தாலும் இணையுங்கள். சரிபார்ப்பவர் கேள்வி கேட்டால் பதில் அனுப்புங்கள், அது குற்றச்சாட்டு அல்ல. உறுதியில்லை என்றால் “கதிர்க்குருவி வகை” என்று பொதுப்பெயரில் மாற்றிவிடலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

எந்த பைனாகுலர்?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. காப்பித் தோட்டத்துக்குள் வெளிச்சம் குறைவு, பறவை பக்கத்தில், அசைவு அதிகம். 10x எடுத்தால் கை நடுக்கம் கூடும், பரப்பு குறையும். ஏரிகளுக்கு மட்டும் போகிறவர்கள் 10x42 பார்க்கலாம்.

பழைய நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்த குறிப்புகளை இப்போது சேர்க்கலாமா?

தாராளமாக. பார்த்த தேதியையே போடுங்கள், உள்ளிடும் தேதியை அல்ல. தொடங்கிய நேரமும் கால அளவும் எழுதியிருந்தால் வழக்கமான பட்டியலாக ஏற்றலாம். இல்லையென்றால் “பழைய பதிவு” என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். நினைவிலிருந்து நேரத்தையோ எண்ணிக்கையையோ நிரப்பாதீர்கள். எல்லாப் பறவையும் எழுதினீர்களா என்ற கேள்விக்கு, உறுதியாகத் தெரியாவிட்டால் “இல்லை” என்றே கொடுங்கள். கல்லூரி நாட்களில் மூக்கனேரியிலோ ஏற்காட்டிலோ எழுதிய பக்கங்கள் வீட்டில் கிடந்தால் முதலில் மார்ச், ஏப்ரல், மே மாதப் பக்கங்களைத் தேடி எடுத்து உள்ளிடுங்கள். குளிர்காலப் பதிவுகள் ஓரளவு இருக்கின்றன, கோடைப் பக்கங்கள்தான் காலியாகக் கிடக்கின்றன.